மண்ணடியில் வேதாகமம் – 9: லாகீஸ் விழுந்தபோது

சென்ற இதழில் எருசலேமுக்கு அடியில் எசேக்கியா ராஜா வெட்டிய நீர்ச்சுரங்கத்தைப் பார்த்தோம். 533 மீட்டர் நீளத்துக்குப் பாறையை இரு முனையிலிருந்தும் குடைந்துகொண்டு வந்து நடுவில் சந்தித்த வேலையாட்கள் அவர்கள். அவர்களை அப்படி அவசரப்படுத்தியவன் அசீரிய ராஜா சனகெரிப். கி.மு. 701-இல் அவன் படை யூதா நாட்டுக்குள் இறங்கியது. எருசலேம் தப்பியது. அதனால்தான் அந்த ஆண்டைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்ததெல்லாம் எருசலேமின் கதையாகவே இருக்கிறது. அந்தப் போர் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் எருசலேமை விட்டுத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் இறங்க வேண்டும். மலைநாடும் கடலோரச் சமவெளியும் சந்திக்கும் தாழ்குன்றுப் பகுதியில் லாகீஸ் இருந்தது. யூதாவில் எருசலேமுக்கு அடுத்த பெரிய நகரம் அதுதான். அது தப்பவில்லை.

வேதாகமம் இந்தப் படையெடுப்பைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறது என்று யாரும் சொல்ல முடியாது. 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்கள், ஏசாயா 36, 37, பிறகு 2 நாளாகமம் 32 என்று மூன்று நூல்களில் விரிவாகவே வருகிறது. ஆனால் அவற்றில் லாகீஸ் வெறும் முகவரியாகத்தான் தென்படுகிறது. அசீரிய ராஜா லாகீஸில் பாளயமிறங்கியிருந்தபோது எசேக்கியா ஆள் அனுப்பிப் பணிந்துபோனான். லாகீஸிலிருந்து அசீரிய அதிகாரி ரப்சாக்கே பெரும்படையோடு எருசலேமுக்குப் புறப்பட்டான். அவன் திரும்பி வந்தபோது ராஜா லாகீஸை விட்டு லிப்னாவுக்குப் போயிருந்தான். இவ்வளவுதான். அந்த ஊர் எப்படி விழுந்தது, உள்ளே இருந்த சனங்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு வசனமும் இல்லை. எழுதியவர்களின் கண் எருசலேமிலும் அதன் ஆலயத்திலும் இருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விடுபட்ட அந்தப் பக்கம் வேறு இரண்டு இடங்களில் பத்திரமாக இருந்தது. ஒன்று, எதிரியின் அரண்மனைச் சுவர். மற்றொன்று, லாகீஸின் மண்.

லாகீஸ் யூதாவின் கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே பேர்பெற்ற ஊர். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பார்வோனுக்குக் கானான் நாட்டுச் சிற்றரசர்கள் களிமண் பலகைகளில் அனுப்பிய அமர்னா கடிதங்களில் லாகீஸின் ஆட்சியாளர்கள் எழுதியவையும் உண்டு. அதற்கும் சில நூற்றாண்டுகள் முந்தியது, 2016-இல் இங்கே கிடைத்த யானைத்தந்தச் சீப்பு ஒன்று. மூன்றரைச் சென்டிமீட்டர் நீளம்தான். ஒரு பக்கம் சிக்கெடுக்கும் பெரிய பற்கள், மறுபக்கம் பேன் வாரும் நெருக்கமான பற்கள். அதன்மேல் கானானிய எழுத்தில் 17 எழுத்துகள் மெலிதாகக் கீறப்பட்டிருப்பதைச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தார்கள். தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் அது. 2022-இல் இதைப் பதிப்பித்தபோது, கானானிய எழுத்தில் இதுவரை கிடைத்தவற்றில் ஒரு முழு வாக்கியம் இதுவே முதல் என்று அறிஞர்கள் எழுதினார்கள். கானானில் யானை கிடையாது. தந்தம் எகிப்திலிருந்து வந்திருக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுச் சீப்பு அது. பேன் மட்டும் எல்லார் வீட்டிலும் இருந்தது போலும்!

பிறகு யூதா ராஜாக்களின் காலம். சாலொமோனின் மகன் ரெகொபெயாம் அரண்செய்த பட்டணங்களின் பட்டியலில் லாகீஸ் இருக்கிறது. எருசலேமில் தனக்கு எதிராகச் சதி கிளம்பியபோது அமத்சியா ராஜா ஓடி ஒளிய வந்ததும் இங்கேதான். பின்னாலேயே ஆள் அனுப்பி அவனை இங்கேயே கொன்றார்கள். ராஜா அடைக்கலம் தேடி வரும் அளவுக்குப் பலமான கோட்டை என்பது இதிலிருந்து புரியும். கடலோரத்திலிருந்து எபிரோன் மலைக்கு ஏறும் வழியை அது காத்தது. அந்தப் பக்கமாக மலைநாட்டுக்குள் ஏற நினைக்கும் படை லாகீஸை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போக முடியாது.

கி.மு. 705-இல் அசீரியாவின் சர்கோன் ராஜா போர்க்களத்தில் செத்தான். பேரரசு முழுவதும் கப்பம் கட்டிக்கொண்டிருந்த சிற்றரசர்கள் தலைதூக்க அதுவே நேரமாயிற்று. யூதாவில் எசேக்கியா கப்பத்தை நிறுத்தினான். பெலிஸ்தரின் அஸ்கலோன், எக்ரோன் நகரங்களிலும் கலகம் வெடித்தது. எகிப்து பின்னால் இருக்கும் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் இருந்தது. சர்கோனின் மகன் சனகெரிப் முதலில் பாபிலோனை அடக்கிவிட்டு, தன் மூன்றாவது படையெடுப்பில் மேற்கே திரும்பினான். பெனிக்கேயக் கடற்கரை பணிந்தது, அஸ்கலோன் பணிந்தது, உதவிக்கு வந்த எகிப்தியப் படை எல்தெக்கே அருகில் தோற்றது. அடுத்து யூதா.

எதிரியின் சுவரைக் கண்டெடுத்த கதையில் நம் பக்கத்து நாடு ஒன்றின் பெயரும் வருகிறது. 1839-இல் ஆஸ்டின் ஹென்றி லேயார்ட் என்ற ஆங்கில இளைஞர் லண்டனை விட்டுப் புறப்பட்டபோது அவர் போக நினைத்த இடம் இலங்கை. அவர் தந்தை முன்பு இலங்கையில் அரசுப் பணியில் இருந்தவர். மகனும் அங்கே ஒரு வேலை தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பினார். கப்பல் ஏறாமல் தரைவழியே ஆசியாவைக் கடக்க ஆசைப்பட்டது அவர் வாழ்க்கையை மாற்றிவிட்டது. வழியில் மோசூல் நகரையும், அதன் எதிரே டைகிரிஸ் ஆற்றின் மறுகரையில் கிடந்த பிரம்மாண்டமான மண்மேடுகளையும் பார்த்தார். இலங்கைப் பயணம் அதோடு முடிந்தது. 1845-இல் நிம்ரூதில் தோண்டத் தொடங்கியவர், பின்பு நினிவேயின் கூயுஞ்சிக் மேட்டுக்கு வந்தார். மோசூல்காரரான ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் அவருக்கு வலதுகையாக இருந்தார். அந்த மேட்டில் வெளிப்பட்டது சனகெரிப்பின் அரண்மனை. தான் திறந்த அறைகளும் நடைகளும் 71 என்றும், சிற்பப் பலகைகளை வரிசையாக வைத்தால் ஏறக்குறைய இரண்டு மைல் நீளும் என்றும் லேயார்ட் கணக்குச் சொன்னார்.

அந்த அரண்மனையின் உள்ளே, பெரும் சிறகுக் காளைகள் காவல் நிற்கும் வாசல்களைக் கடந்து போனால் ஓர் அறை. அதன் சுவர்கள் முழுவதிலும் ஒரே ஒரு நகரத்தின் வீழ்ச்சிதான் செதுக்கப்பட்டிருந்தது. ராஜாவின் தலைக்கு அருகே நான்கே வரி ஆப்பெழுத்து: உலகத்தின் ராஜாவும் அசீரியாவின் ராஜாவுமான சனகெரிப் சிங்காசனத்தில் அமர்ந்திருக்க, லாகீஸின் கொள்ளைப்பொருள் அவன் முன்னே கடந்து சென்றது என்பது அதன் பொருள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இன்று அந்தப் பலகைகள் ஓர் அறையைச் சுற்றி வைக்கப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் கவண் எறிவோரும் வில்லாளிகளும் அடுக்கடுக்காக வருகிறார்கள். அடுத்து நகரம். இரட்டை மதில், மதிலின்மேல் நெருக்கியடித்து நிற்கும் காவலர்கள். மதிலை நோக்கிச் சரிவாகக் கொத்தளங்கள் எழுப்பப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல் மதிலிடிக்கும் யந்திரங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஏழு யந்திரங்கள். மேலேயிருந்து எரியும் பந்தங்களும் கற்களும் மழையாக விழுகின்றன. தோல் போர்த்த யந்திரம் தீப்பிடித்துவிடக் கூடாதே என்று உள்ளே இருக்கும் சிப்பாய் நீண்ட அகப்பையால் அதன் முகப்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். அந்த அகப்பையைச் செதுக்கியவன் போரை நேரில் பார்த்தவனாகவோ பார்த்தவனிடம் கேட்டவனாகவோ இருக்க வேண்டும். கற்பனையில் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

சண்டை முடியுமுன்பே அதே பலகையில் வாசல் வழியாகச் சனங்கள் வெளியேறுகிறார்கள். முடிந்ததையும் நடந்துகொண்டிருப்பதையும் சிற்பி ஒரே காட்சியில் வைத்துவிட்டான். மதிலுக்குக் கீழே மூன்று ஆண்களை நிர்வாணமாகக் கழுவில் ஏற்றியிருக்கிறார்கள். வலப்பக்கம் போகப் போக நீண்ட ஊர்வலம். அசீரியச் சிப்பாய்கள் தூபக்கால், தேர், ராஜநாற்காலி, ஈட்டி, கேடயம் என்று கொள்ளையைச் சுமந்து போகிறார்கள். பின்னால் குடும்பங்கள். விலா எலும்பு தெரியும் மாடுகள் இழுக்கும் வண்டி. மூட்டைகளின்மேல் பெண்களும் குழந்தைகளும். பெண்கள் தலையிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் முக்காடு போட்டிருக்கிறார்கள்; சின்னப் பெண்பிள்ளைகளுக்கும் தாய்மார்களின் உடுப்பு அப்படியே சிறிய அளவில். தோளில் ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். வீட்டிலிருந்து எடுத்துவர முடிந்தது அவ்வளவுதான். பின்னணியில் திராட்சைக் கொடியும் அத்திமரமும் காய்த்துக் கிடக்கின்றன. ஊர்வலத்துக்கு நடுவே இரண்டு பேரைத் தரையில் நீட்டிக் கட்டி உயிரோடு தோலுரிக்கிறார்கள். குழந்தைகள் அதைக் கடந்துதான் நடக்க வேண்டும். ஊர்வலம் போய்ச் சேருமிடத்தில் சனகெரிப், கால்மணைமேல் பாதம் வைத்து, கையில் வில்லும் அம்புகளுமாக வீற்றிருக்கிறான். அவன் முகம் மட்டும் உளியால் கொத்தப்பட்டுச் சிதைந்திருக்கிறது. கி.மு. 612-இல் பாபிலோனியரும் மேதியரும் நினிவேயைப் பிடித்தபோது யாரோ செய்த வேலை அது என்று கருதுகிறார்கள்.

கோட்டையை வளைப்பவன் பாட்டு உழிஞை, காப்பவன் பாட்டு நொச்சி என்று நம் புறப்பொருள் இலக்கணம் பிரித்து வைத்திருக்கிறது. நினிவேச் சுவரில் இருப்பது முழுக்க உழிஞை. ஆனாலும் லாகீஸ் சனங்களின் முகத்தை, உடையை, வண்டியை, மாட்டை உலகத்துக்குக் காட்டியது எதிரியின் உளிதான். யூதாவின் சாதாரண மனிதர்களை அவர்கள் காலத்திலேயே யாரோ பார்த்துப் பதிவுசெய்த உருவங்களாக இவ்வளவு விரிவாக நமக்குக் கிடைத்தவை வேறு இல்லை. இந்த அறையை நான் ஒரு வெற்றிச் சின்னமாகப் பார்ப்பதில்லை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு தலைமுறையின் குடும்பப் படமாகவே பார்க்கிறேன்.

ஒரு கேள்வி எழும். ஒரு பேரரசன் தன் அரண்மனையின் உள்ளறை ஒன்றை முழுவதும் ஒரு சிறு ராஜ்யத்தின் இரண்டாவது நகரத்துக்கு ஏன் கொடுத்தான்? இதற்கு விடை அவனே எழுதிவைத்த இன்னொரு ஆவணத்தில் இருக்கிறது. 1830-இல் நினிவேயில் கிடைத்த, ஆறு முகங்கள் கொண்ட களிமண் பட்டகம் அது. அதைப் பெற்ற கர்னல் டெய்லரின் பெயரால் டெய்லர் பட்டகம் என்பார்கள். யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரைச் சிறையாகக் கொண்டுவந்தேன் என்று சனகெரிப் அதில் சொல்லிக்கொள்கிறான். இந்தத் தொகையைப் பலரும் நம்புவதில்லை. அன்றைய யூதாவின் மொத்த மக்கள் தொகையைவிட அது அதிகமாகவே இருக்கலாம். எசேக்கியாவைப் பற்றி என்ன சொல்கிறான்? எருசலேமுக்குள் அவனைக் கூண்டில் அடைபட்ட பறவைபோல் அடைத்துவைத்தேன் என்கிறான். பிடித்தேன் என்று சொல்லவில்லை. பிடித்திருந்தால் சொல்லாமல் விடுகிற ஆள் அல்ல. கப்பமாக 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் வந்தன என்கிறான். 2 இராஜாக்கள் புத்தகமும் 30 தாலந்து பொன் என்றே சொல்கிறது. வெள்ளி மட்டும் அங்கே 300. விரோதிகளான இரண்டு நாட்டார் தனித்தனியே எழுதிய கணக்கில் பொன் ஒத்துப்போவது பழைய வரலாற்றில் அபூர்வம்.

எருசலேம் கைக்குள் வரவில்லை. வந்தது லாகீஸ். ஆகவே சுவரில் லாகீஸ். எழுத்தில் உள்ள பட்டகத்தில் அந்த ஊரின் பெயரே இல்லை, 46-இல் ஒன்றாகக் கரைந்துவிட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. எருசலேமுக்கு முன்னால் நிகழாத வெற்றியின் இடத்தில் இந்தச் சிற்பத்தை வைத்தான் என்று பல அறிஞர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

இனி மண். லாகீஸ் எங்கே இருந்தது என்பதே வெகுகாலம் குழப்பமாக இருந்தது. 1890-இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தெல் எல்-ஹெஸி என்ற மேட்டைத் தோண்டி, அதுதான் லாகீஸ் என்று நினைத்தார். ஊர் தவறு. ஆனால் அந்த மேட்டில்தான் அவர் மண்ணடுக்குகளையும் பானையோடுகளின் வடிவ மாற்றங்களையும் பொருத்திக் காலம் கணிக்கும் முறையைப் பாலஸ்தீனத்துக்குக் கொண்டுவந்தார். கல்வெட்டோ நாணயமோ இல்லாத இடத்திலும் உடைந்த பானையை வைத்தே காலம் சொல்லலாம் என்ற அந்த வழி, பிறகு லாகீஸின் வழக்கையே தீர்த்துவைத்தது. 1929-இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஆல்பிரைட், உண்மையான லாகீஸ் தெல் எத்-துவேர் என்ற மேடாகத்தான் இருக்க வேண்டும் என்றார். அது மேல்தளமே சுமார் 18 ஏக்கர் பரந்த பெரிய மேடு. திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் நான்காம் நூற்றாண்டில் குறித்துவைத்த தூரக் கணக்குக்கும் ஓரளவு பொருந்தியது.

1932-இல் பெட்ரியின் மாணவர் ஜேம்ஸ் லெஸ்லி ஸ்டார்க்கி அங்கே தோண்டத் தொடங்கினார். மேலிருந்து இரண்டாம் அடுக்கு தீயில் அழிந்த ஊர். அது பாபிலோனிய ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்த நாட்களில் எரிந்தது என்பதில் சந்தேகம் எழவில்லை. அதற்குக் கீழே மூன்றாம் அடுக்கு. அதுவும் எரிந்த ஊர், இன்னும் கொடுமையாக. நெருக்கமான வீடுகள், பெரிய அரண்மனைக் கோட்டை எல்லாம் சாம்பலும் வெந்த செங்கல்லுமாகக் கிடந்தன. மூன்றாம் அடுக்கு எப்போது எரிந்தது? நேபுகாத்நேச்சார் முதல்முறை வந்த கி.மு. 597-இல் என்றார் ஸ்டார்க்கி. அப்படியானால் சனகெரிப்பின் அழிவு இன்னும் கீழே எங்கோ இருக்க வேண்டும்.

1938 ஜனவரியில், எருசலேமில் புதிய தொல்பொருள் அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவுக்குப் புறப்பட்ட ஸ்டார்க்கியை எபிரோன் அருகே வழிமறித்துக் கொன்றார்கள். பாலஸ்தீனத்தில் அரபுக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. தோண்டிய குறிப்புகளும் பெட்டி பெட்டியாகப் பானையோடுகளும் அவர் குழுவினர் கையில் மிஞ்சின. அவற்றை நூலாக்கும் பாரம் பெரும்பாலும் ஒல்கா டஃப்னெல் என்ற பெண்மணியின் தோளில் விழுந்தது. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாதவர்; பெட்ரியின் முகாம்களில் வேலை செய்தே தொழிலைக் கற்றவர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்த ஓடுகளோடேயே உட்கார்ந்தார். 1953-இல் இரும்புக் காலத் தொகுதி வெளிவந்தது. அதில் தம் மறைந்த தலைவரின் முடிவை அவர் மறுத்தார்.

அவர் சொன்னது எளிமையானது. மூன்றாம் அடுக்கின் பானைகளும் இரண்டாம் அடுக்கின் பானைகளும் நன்றாகவே வேறுபடுகின்றன. ஸ்டார்க்கி சொன்னபடி இரண்டு அழிவுகளுக்கும் நடுவே பத்தாண்டுகளே என்றால், பத்தாண்டில் ஒரு நாட்டின் சட்டிபானை இவ்வளவு மாறுமா? குறைந்தது ஒரு நூற்றாண்டு இடைவெளி வேண்டும். ஆகவே மூன்றாம் அடுக்கை எரித்தவன் சனகெரிப், ஆண்டு 701. ஆல்பிரைட், கேத்லீன் கென்யன் போன்ற பெரிய பெயர்கள் ஏற்கவில்லை. வாதம் இருபது ஆண்டுகள் இழுத்தது. 1973-இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் டேவிட் உஸிஷ்கின் மீண்டும் தோண்டத் தொடங்கி இரண்டு பத்தாண்டுகள் உழைத்தார். மூன்றாம் அடுக்குக்குக் கீழே நான்காம் அடுக்கு எரியவே இல்லை என்பது தெளிவானது. சனகெரிப் அழித்த ஊர் என்று சொல்லத்தக்கது மூன்றாம் அடுக்கு ஒன்றுதான். டஃப்னெல் 1985 வரை வாழ்ந்தவர். தாம் சொன்னது நிலைபெற்றதைக் கண்ணால் பார்த்தார்.

இந்தத் தேதியால் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. யூதாவில் பல இடங்களிலும் பெரிய சாடிகளின் கைப்பிடிகளில், ராஜாவுக்குரியது என்னும் முத்திரையும் சிறகு விரித்த சின்னமும் எபிரோன், சோக்கோ, சீப் முதலிய நான்கு பெயர்களில் ஒன்றும் குத்தப்பட்டிருக்கும். லாகீஸில் மட்டுமே 400-க்கு மேற்பட்ட கைப்பிடிகள் கிடைத்தன. மூன்றாம் அடுக்கின் எரிந்த அறைகளில் அந்தச் சாடிகள் நொறுங்கிக் கிடந்ததால், அவை எசேக்கியா காலத்தவை என்று உறுதியாயிற்று. முற்றுகையை எதிர்பார்த்து எண்ணெயும் திராட்சரசமும் சேமிக்க ராஜா செய்த ஏற்பாடு என்று பலர் கருதுகிறார்கள். எருசலேமில் தண்ணீர், லாகீஸில் சாடிகள்.

மேட்டின் தென்மேற்கு மூலையில் ஒரு பெரும் கற்குவியல் இருந்தது. மதிலிலிருந்து சரிந்த கல் என்று நினைத்து ஸ்டார்க்கி அதில் பெருமளவை அகற்றிப்போட்டார். உஸிஷ்கின் அங்கே நின்று பார்த்தபோது, மதில் கல் இப்படி விழாது என்று பட்டது. மற்றத் திசைகளிலெல்லாம் ஆழமான பள்ளம். இந்த மூலையில் மட்டும் ஒரு மேட்டுக்கழுத்து பக்கத்துக் குன்றோடு ஊரை இணைக்கிறது. படை ஏற வேறு வழியே கிடையாது. 1983-இல் வெட்டிப் பார்த்தார்கள். நினிவேச் சுவரில் செதுக்கப்பட்டிருந்த அந்தக் கொத்தளமேதான். அடியில் சுமார் 70 மீட்டர் அகலம். வயல்களில் பொறுக்கக்கூடிய கற்கள் கொட்டி நிரப்பி, மேல்பரப்பில் சுண்ணச் சாந்து வைத்து இறுக்கியிருக்கிறார்கள், யந்திரச் சக்கரம் உருள வேண்டுமே! எடை 13,000 முதல் 19,000 டன் வரை இருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். அண்மையில் யோசெஃப் கார்ஃபிங்கல் குழுவினர் வேறுவிதமாகக் கணக்கிட்டார்கள்: சராசரி ஆறரைக் கிலோ எடையுள்ள சுமார் 30 லட்சம் கற்கள், ஆட்கள் வரிசையில் நின்று இரவும் பகலும் கைமாற்றினால் ஏறக்குறைய 25 நாள் வேலை. அசீரியர் போட்ட கொத்தளங்களில் இன்றும் நிற்பது இது ஒன்றுதான்.

சுமந்தவர்கள் யார் என்று எந்தச் சிற்பமும் காட்டவில்லை. சிறைப்பட்டவர்களை வைத்தே அசீரியர்கள் கல் சுமக்கவைத்திருக்கக்கூடும். மேலேயிருந்து அம்பு எய்கிறவன் தன் சொந்த நாட்டானையே குறிபார்க்க வேண்டியிருந்திருக்கும்.

இங்கேதான் நொச்சியின் பக்கத்தை மண் சொல்கிறது. கொத்தளம் ஏற ஏற, ஊருக்குள்ளிருந்தவர்கள் மதிலின் உட்புறத்தில் எதிர்க்கொத்தளம் ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். மதில் உடைந்தாலும் அதற்குப் பின்னால் உயரமான இன்னொரு தடை இருக்கட்டும் என்ற கடைசி முயற்சி. அதற்குக் கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டியிருக்கிறார்கள். பழைய காலத்து ஓடுகளும் குப்பைமண்ணும் அதில் கலந்து கிடக்கின்றன. மதிலடியில் துளையிட்ட கனமான கற்கள் சில கிடைத்தன. துளையில் எரிந்த கயிற்றின் மிச்சம் இருந்தது. கயிற்றில் கட்டி மேலிருந்து இறக்கி, ஊஞ்சல்போல் ஆட்டி, மதிலிடிக்கும் யந்திரத்தை நொறுக்கப் பார்த்திருக்கிறார்கள். சில கண்ணிகள் மட்டும் மிஞ்சிய இரும்புச் சங்கிலித் துண்டு ஒன்றும் கிடைத்தது. யந்திரத்தின் இடிமுனையை வளைத்துப் பிடித்து மேலே இழுக்கப் பயன்பட்டது என்பது தொல்லியலாளர் யிகயேல் யாதின் தந்த விளக்கம். கவண்கற்கள் ஏராளம். அம்புமுனைகள் நூற்றுக்கணக்கில், பெரும்பாலும் இரும்பு. பல முனைகள் மதிலில் மோதி வளைந்திருக்கின்றன. சில எலும்பால் செதுக்கியவை. இரும்பு தீர்ந்த பிறகு உள்ளே இருந்தவர்கள் அவசரத்தில் செய்துகொண்டவையோ என்று தோன்றும்.

மேட்டின் மேற்குச் சரிவில், பாறையில் வெட்டிய பழைய கல்லறைக் குகைகளில், ஸ்டார்க்கி இன்னொன்றையும் கண்டார். எலும்புகள் குவியலாகக் கொட்டப்பட்டிருந்தன. சுமார் 1,500 பேருடையவை என்று மதிப்பிட்டார்கள். முறையாகப் புதைத்தவை அல்ல. வேறெங்கோ கிடந்து, பின்பு வாரிப் போட்டவை. பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. சில எலும்புகளில் தீயின் கருமை. மேலே பன்றி எலும்பு உள்ளிட்ட குப்பை. லண்டனுக்கு அனுப்பி ஆராய்ந்த 695 மண்டையோடுகளில் மூன்றில், உயிரோடு இருக்கும்போதே கபாலத்தில் துளையிட்டு வைத்தியம் செய்த அடையாளம் இருந்தது. ஒரு மண்டையோட்டில் வெட்டின் ஓரம் ஆறி வளர்ந்திருப்பதால், அந்த மனிதர் சிகிச்சைக்குப் பின்னும் பிழைத்திருந்தார் என்று தெரிகிறது. இந்த எலும்புகளை 701-இன் பலிகள் என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். வேறு காலமாகவும் இருக்கலாம் என்பவர்களும் உண்டு. குகையில் தேதி எழுதியிருக்காது. ஆயினும் ஊரே அழிந்த பிறகு மட்டுமே இப்படி ஒரு குவியல் சேர முடியும் என்பது என் எண்ணம்.

2016-இல் நகரவாசலில் நடந்த தோண்டலும் பேசப்பட்டது. ஆறு அறைகள் கொண்ட பெரிய வாசல் அது. அதன் ஓர் அறை வழிபாட்டிடமாக இருந்திருக்கிறது. கொம்புள்ள பலிபீடங்கள் இரண்டு கிடைத்தன, கொம்புகளை வேண்டுமென்றே தட்டி உடைத்திருந்தார்கள். பக்கத்தில் கல்லில் செய்த கழிப்பறை இருக்கை. ஆய்வில் அது ஒருபோதும் பயன்பட்டதாகத் தெரியவில்லை. மேடைகளை அகற்றினான் என்று வேதாகமம் சொல்லும் எசேக்கியாவின் சீர்திருத்தத்துக்கு இது சாட்சி என்றார்கள் தோண்டியவர்கள். முன்பு இஸ்ரவேல் ராஜா யெகூ பாகால் கோயிலைக் கழிப்பிடமாக்கித் தீட்டுப்படுத்தியதுபோலத்தான் இங்கும் நடந்தது என்று வாதிட்டார்கள். எல்லாரும் ஏற்கவில்லை. எனக்கும் இன்னும் கொஞ்சம் ஆதாரம் தேவை.

வேதாகமம் லாகீஸை அடியோடு மறந்துவிட்டதா என்றால், ஒரு தீர்க்கதரிசி மறக்கவில்லை. மீகா இந்தத் தாழ்குன்று நாட்டுக்காரர். லாகீஸுக்கு அருகிலுள்ள மொரேசேத்தில் பிறந்தவர். எருசலேம் அரண்மனையின் பக்கத்தில் இருந்த ஏசாயாவுக்கு நகரத்தின் மீட்பு தெரிந்தது. மீகாவுக்குத் தெரிந்தது பக்கத்து ஊர்கள். தம் நூலின் முதல் அதிகாரத்தில் அந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிப் புலம்புகிறார். லாகீஸைத் தேரில் குதிரைகளைப் பூட்டி ஓடச் சொல்கிறார். சிறையாகப் போகும் பிள்ளைகளுக்காகத் தலையை மொட்டையடித்துக்கொள் என்று தாயிடம் சொல்வதுபோல் அந்த அதிகாரம் முடிகிறது. நினிவேப் பலகையின் மாட்டுவண்டியைப் பார்த்துவிட்டு அந்த அதிகாரத்தைப் படித்தால் அது யாருடைய பிள்ளைகளைச் சொல்கிறது என்பதில் சந்தேகம் இருக்காது.

சனகெரிப் நினிவேக்குத் திரும்பினான். கர்த்தருடைய தூதன் அசீரியரின் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்கிறது வேதாகமம். பட்டகம் கப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறது. கி.மு. 681-இல் அவன் தன் மகன் கையால் கொல்லப்பட்டான் என்பதில் வேதாகமமும் மெசொப்பொத்தாமியப் பதிவுகளும் உடன்படுகின்றன.

லாகீஸ் பல காலம் பாழாய்க் கிடந்து, பின்பு சிறிதாக மீண்டும் கட்டப்பட்டது. அந்த ஊர்தான் இரண்டாம் அடுக்கு. அதன் வாசலருகே ஒரு காவலறை. 1935 ஜனவரியில் ஸ்டார்க்கியின் ஆட்கள் அந்த அறையின் கரியும் சாம்பலும் கலந்த மண்ணிலிருந்து மையால் எழுதிய 18 பானையோடுகளை எடுத்தார்கள். பிறகு இன்னும் மூன்று கிடைத்தன. ஓசாயா என்ற கீழதிகாரி யாவுஷ் என்ற தன் மேலதிகாரிக்கு அனுப்பிய கடிதங்கள் அவற்றில் பல. ஒன்றில், தனக்குப் படிக்கத் தெரியாது என்று மேலதிகாரி நினைத்துவிட்டாரே என்று அவன் மனம் நொந்து எழுதுகிறான். இன்னொன்றில், லாகீஸின் தீ அடையாளங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவின் தீயைக் காண முடியவில்லை என்கிறான். யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீஸும் அசெக்காவும் மட்டுமே மீந்திருந்தன என்று எரேமியா 34-ஆம் அதிகாரம் சொல்லும் நாட்களுக்கு மிக அருகில் எழுதப்பட்டவை இந்த ஓடுகள். அசெக்கா விழுந்துவிட்டதா, அல்லது ஓசாயா நின்ற இடத்திலிருந்து தெரியவில்லையா என்பது இன்றும் தீராத வாதம். அந்த வாதத்தையும் ஓடுகள் ஒவ்வொன்றையும் அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)